தொழிற்சாலையில் தயாராகும் வீடு

வீட்டுப் பற்றாக்குறை என்றதும் இன்று பலர் கைகாட்டுவது மாடுலர் வீடுகளை. மின்கம்பி, குளியலறை ஓடு வரை தொழிற்சாலையிலேயே முடித்து, அறை அறையாக லாரியில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கும் முறை இது. இதை ஒதுக்குகிறவர்களிடமும் தவறான எண்ணம் உண்டு, கொண்டாடுகிறவர்களிடமும் உண்டு.

“ரெடிமேட் வீடு நிலைக்காது”

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டன் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தொழிற்சாலைகளில் செய்து நிறுத்தியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கென்று செய்தவை. லண்டன் கேட்ஃபோர்டில் அவற்றில் பல, 60 ஆண்டுகள் கடந்தும் குடும்பங்கள் வாழும் வீடுகளாகவே இருந்தன. ஆறு வீடுகளை 2009இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்தார்கள்.

“ஒன்றிரண்டு மாடிக்குத்தான் சரிப்படும்”

சிங்கப்பூரின் கிளெமென்ட் கனோபி குடியிருப்புக்கு 40 மாடி, 140 மீட்டர் உயரம். மலேசியாவின் செனாயில் வார்த்து, சிங்கப்பூரில் உள்வேலை முடித்த 1,800க்கும் மேற்பட்ட கான்கிரீட் பெட்டிகளை அடுக்கி 2019இல் கட்டி முடித்தார்கள்.

“செலவு குறைவு”

அதிகம் ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான். சிங்கப்பூரிலேயே இந்த முறைக்கு வழக்கமான கட்டுமானத்தைவிடக் கூடுதல் செலவு பிடித்தது. மிச்சமாவது காலமும் ஆள்பலமும். இங்கே அடித்தளம் தோண்டும்போதே மேல்மாடி அறைகள் வேறிடத்தில் தயாராகின்றன. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் உட்பட வெளிநாட்டுத் தொழிலாளர்களையே நம்பியிருக்கும் கட்டுமானத் துறையில் ஆள்தேவையைக் குறைக்க விரும்பியது சிங்கப்பூர் அரசு. அதற்காகக் கூடுதல் செலவை ஏற்றுக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் கணக்கே வேறு. போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 இரும்புச் சட்ட வீடுகள் அமைக்க இலங்கை அரசு 2015இல் திட்டமிட்டது. வீடொன்றுக்குச் சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று மக்களும் தமிழ்ப் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். வெக்கை, துரு, விறகடுப்புப் புகை எல்லாம் கேள்வியாயின. பிள்ளைகள் வளர்ந்தபின் ஓர் அறை கூட்டிக் கட்ட உள்ளூர் மேசனால் முடியுமா என்பதும் பெரிய கவலை. கல்வீடு என்றால் கட்டுகூலி ஊரிலேயே தங்கும். பல ஆண்டு இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்கு அந்தக் கூலி எவ்வளவு தேவை! எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். திட்டம் நினைத்த அளவில் நடக்கவில்லை.

“தொழிற்சாலை வந்தால் பற்றாக்குறை தீரும்”

இங்கிலாந்தின் லீட்ஸ் அருகே லீகல் அண்ட் ஜெனரல் நிறுவனம் 2016இல் பெரிய மாடுலர் வீட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பணத்துக்குக் குறைவில்லாத நிறுவனம். ஆனாலும் 2023இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கட்டட அனுமதிகள் இழுத்தடித்ததால் தொடர்ச்சியான வேலை கிடைக்கவில்லை. வேலை குறைந்தால் ஒரு கட்டட மேஸ்திரி சிறிய குழுவோடு சமாளித்துக்கொள்வார். தொழிற்சாலையில் இயந்திரம் ஓடாவிட்டாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரில் 1960 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் விடாமல் கட்டிவருகிறது. நிலமும் பெரும்பாலும் அரசின் கையில். அங்கே அச்சில் வார்த்த சுவரும் தளமும் செய்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் வேலை உண்டு.

நம் ஊரிலும் ஒரு முயற்சி நடந்தது. சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில், சுவரையும் தளத்தையும் முன்பே வார்த்துப் பொருத்தும் ப்ரீகாஸ்ட் முறையில் 1,152 வீடுகள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. இடையில் கொரோனா இரண்டாம் அலையும் வந்துபோனதை நினைத்தால் நல்ல வேகம்தான். ஆனால் அதே பெரும்பாக்கத்தில்தான், ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை முன்பே குடியமர்த்தினார்கள். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் பழைய இடத்துக்கே நெடுந்தூரம் பஸ் ஏறியவர்கள் அவர்கள். சுவரை எவ்வளவு சீக்கிரம் நிறுத்தினாலும் அந்தப் பயணம் குறையாது. அதற்கு நகருக்குள்ளேயே நிலம் ஒதுக்க வேண்டும். அது அரசு எடுக்க வேண்டிய முடிவு.