பென்சிலும் கையுமாக ‘சாப விமோசனம்’

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் எடுத்திருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்தால் முதலில் மார்க்கர் பேனாவைத்தான் தேடுகிறீர்கள். பக்கம் முழுக்க மஞ்சள். பிறகு உவமை எத்தனை, உருவகம் எத்தனை என்று பட்டியல். நானும் அப்படிப் படித்தவன்தான். புள்ளி கிடைத்தது, கதை கிடைக்கவில்லை.

இந்த முறை புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’. 1943-இல் கலைமகளில் வந்த கதை. அகலிகையின் கதைதானே, தெரியுமே என்று தோன்றும். அதனால்தான் இதை எடுத்தேன்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீங்க. இரண்டாவது வாசிப்பில் ஒரே ஒரு சொல்லை மட்டும் வட்டமிடுங்கள்: கல். கதை கற்சிலையில் தொடங்குகிறது, அகலிகை மறுபடி கல்லாவதில் முடிகிறது. தொடக்கத்தில் கல் தண்டனை. முடிவில்? இரண்டு வட்டங்களையும் ஒரு கோட்டால் இணைத்தால் அதுதான் குறியீடு. சொல் ஒன்று, பொருள் மாறிவிட்டது. பக்கத்திலேயே கோதமரை மூடிய புற்று இருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள், அவரும் ஒரு வகையில் உறைந்தவர்தான்.

அடுத்து நடுப்பகுதி. சாபம் நீங்கிவிட்டது, கணவரும் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் யார் எதைச் சொன்னாலும் அதில் இன்னொரு அர்த்தம் இருக்குமோ என்று அகலிகை நடுங்குகிறாள். அந்த இடங்களில் ஓரத்தில் ‘பயம்’ என்று எழுதுங்கள். கதையின் கரு அங்கேதான் இருக்கிறது: மன்னிப்பு வெளியே கிடைத்துவிட்டது, உள்ளே கிடைக்கவில்லை. பிறகு சீதை வந்து தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்டவனே அப்படிக் கேட்டானா என்று அகலிகை ஆடிப்போகிறாள். இதுதான் கதையின் திருப்பம்.

இங்கே எங்கள் வகுப்பில் ஒரு தங்கை பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணா, ராமரைக் குறை சொல்ற கதையை நம்ம சமய வகுப்புல படிக்கலாமா?” நியாயமான கேள்வி. சமாளித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

இடது ஓரத்தில் கதை சொல்வதை எழுது, வலது ஓரத்தில் உனக்குத் தோன்றுவதை எழுது என்றேன். இடது பக்கம் நிரம்பியது: தீக்குளிப்பு புதுமைப்பித்தன் கற்பனை இல்லை, வால்மீகியிலும் கம்பரிலும் யுத்த காண்டத்தில் இருக்கிறது. இவர் சேர்த்தது, அந்தச் செய்தி அகலிகையின் காதில் விழுந்தது மட்டும். இன்னொன்று: வால்மீகியில் அகலிகை கல்லாவதே இல்லை, யார் கண்ணிலும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பரில்தான் கல். அதாவது, பக்தியோடு பாடிய கம்பரும் கதையை மாற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

வலது பக்கம் அவள் எழுதியது ஒரே வரி: “சீதை ஏன் கோபப்படல?” எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பிரதியை அவளிடமிருந்து வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடைசியாகத் தலைப்புக்கு வாங்க. இதைக் கதை முடிந்த பிறகுதான் குறிக்க வேண்டும். விமோசனம் எது, கல் பெண்ணானதா, பெண் கல்லானதா? நான் இரண்டாவது என்று எழுதினேன். வகுப்பில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் பிரதியில் என்ன எழுதினீர்கள் என்று அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், ரப்பர் வேண்டாம்.