சீலன்ட் பூசும் முன் வண்டியைத் தடவிப் பாருங்கள்

கார் பெயின்ட்டுக்குப் பாதுகாப்பாகப் பூசும் சீலன்ட் டப்பாவில் 'ஆறு மாதம் தாங்கும்' என்று போட்டிருப்பது சுத்தமான பெயின்ட்டை நம்பித்தான். தாம்பரம் பக்கம் ஓடுகிற வண்டி பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் உண்மையில் சுத்தமாக இருப்பது அபூர்வம். கழுவித் துடைத்ததும் மெல்லிய பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் ரவையைத் தொட்டதுபோல் சொரசொரக்கும். அதன் மேல் பூசும் சீலன்ட் பெயின்ட்டைப் பிடிக்காது, அழுக்கைத்தான் பிடிக்கும்.

அந்தச் சொரசொரப்பில் ஒரு பங்கு இரும்புத் தூள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கிற தூள், தண்டவாளத்தை ஒட்டி நிறுத்தும் வண்டிகளில் பதிந்து துருவேறும். நம் வண்டியின் பிரேக் பேடும் தன் பங்குக்குச் சேர்க்கும். வெள்ளைக் காரில் பழுப்புப் புள்ளியாகவே தெரியும். ஷாம்பு இதை அசைக்காது. நிழலில் வைத்து அயர்ன் ரிமூவர் அடித்தால் சில நிமிடங்களில் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய்வதற்குள் கழுவிவிடுங்கள். ஜிஎஸ்டி ரோட்டில் ஒட்டிய தாருக்குத் தார் ரிமூவர் தனி. எஞ்சியதைக் களிமண் போன்ற கிளே பார் கட்டி எடுக்கும். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக விட்டு, அழுத்தாமல் தேயுங்கள். கட்டி கீழே விழுந்தால் மண் ஒட்டியிருக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெரிய எதிரி தண்ணீர்தான். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். அந்த வட்டங்களின் மேல் சீலன்ட் பூசினால், அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்த மாதிரிதான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். புறநகர் போர்களில் பல இதைச் சுலபமாகத் தாண்டும். வீணாகிறதே என்று ஆர்ஓ கழிவு நீரில் கார் கழுவுகிறவர்கள் நிறைய. அதில் உப்பு இன்னும் கூடுதல். தரை துடைக்க ஆகும், காருக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது ஏசித் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடினால் பக்கெட்டில் கணிசமாகச் சேரும். துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உப்புப் பூத்திருந்தால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

அதற்கும் போகாத வட்டம் பெயின்ட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், அப்போதுதான் ரப்பிங். ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'ரப்பிங் போட்டுடலாம் சார்' என்பார்கள், தலையாட்டாதீர்கள். பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட் தலைமுடித் தடிமன்கூட இருக்காது; ஒவ்வொரு ரப்பிங்கிலும் கொஞ்சம் தேயும்.

ரப்பிங் போட்டாலும் போடாவிட்டாலும் பழைய வேக்ஸும் எண்ணெய்ப் பிசுக்கும் முழுசாகப் போக வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நாலு பங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு பேனலாகத் துடைத்து, வேறு உலர்ந்த மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு கை படக் கூடாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் ஓரத்தில் இருந்தால் இப்படித் துடைப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்; பல நாள் வெயிலில் காய்ந்தால் கறை விடாது.

சீலன்ட் பூச நான் தேர்ந்தெடுப்பது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். போகிப் புகைக் கரியும் அந்தக் கழுவலிலேயே போய்விடும். பானெட்டில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்று தொடாதீர்கள். பூசிய பிறகு ஒரு ராத்திரியாவது ஈரம் படக் கூடாது. தையிலும் பனி இறங்கும், அதனால் கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். அபார்ட்மென்ட் என்றால், ஒரே பக்கெட்டிலும் ஒரே துணியிலும் விடியற்காலையில் எல்லா வண்டியையும் துடைக்கிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஒரு வாரத்துக்கு நம்ம வண்டியைத் தொடாதீங்க, சம்பளம் குறைக்க மாட்டேன்."