குறைந்த செலவில் நாடக உடை: வகுப்பறையிலேயே செய்யலாம்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காக ஒரு பாட்டு நாடகம் பழக்கிக்கொண்டிருந்தோம். நான்கு நாள் ஒத்திகைக்கு ஆர்வமாக வந்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஐந்தாம் நாள் என்னிடம் வந்தாள். "தொண்டை சரியில்ல டீச்சர், எனக்குப் பதிலா வேற யாரையாவது போட்டுக்கோங்க" என்றாள். குழுவிலேயே நன்றாகப் பாடியவள் அவள்தான். நானும் நம்பிவிட்டேன். வேறொரு மாணவியைச் சேர்த்துக்கொண்டேன்.

விழா முடிந்து ஒரு வாரம் கழித்து அவளுடைய தோழி சொன்னாள்: "அவளுக்குத் தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். டிரஸ் வாடகைக்கு 350 ரூபா கொண்டு வரச் சொன்னீங்கல்ல, அவ வீட்டுல கேக்கவே இல்ல."

அந்த 350 ரூபாயைக் கேட்டது நான்தான். எந்தப் பெற்றோரும் என்னிடம் குறை சொல்லவில்லை. கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். முடியாத குழந்தை தானாகவே விலகிக்கொண்டது. உடைக்குப் பணம் கேட்கும்போது, யார் மேடை ஏறுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என ஒவ்வொரு நிலையிலும் குழந்தைகள் மேடை ஏறுகிறார்கள். அதனால் உடை என்பது இப்போது எல்லாப் பள்ளிக்கும் வரும் கேள்வி. அடுத்த ஆண்டு அதற்கு நாங்கள் கண்ட விடையை இங்கே பகிர்கிறேன். அதை ஒரு கணக்குப் பாடமாகவும் அறிவியல் பாடமாகவும் நடத்த முடிந்தது.

முதலில் ஊரைப் பார்த்தோம்

மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொண்டோம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி வாயிலாகவும் பெரியபுராணத்திலும் நாம் அறிந்த கதை. 26 குழந்தைகள்: அரசன், இளவரசன், அமைச்சர் இருவர், பசு, கன்று, தேரோட்டி, காவலர் இருவர், ஊர் மக்கள் 8 பேர், பின்பாட்டுக் குழுவில் 9 பேர். வாடகைக்கு எடுத்தால் 26 × 350 = 9,100 ரூபாய். இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதை வாங்காமல் எப்படிச் செய்வது?" என்று குழந்தைகளிடமே கேட்டேன்.

"எங்க அம்மா தைக்கிற இடத்துல கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா கெடக்கு, கொண்டு வரட்டுமா டீச்சர்?" என்றான் ஒருவன். சேத்தூருக்குப் பக்கத்தில் உள்ள தளவாய்புரம் நைட்டி தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். எங்கள் குழந்தைகளில் பலருடைய தாய்மார்கள் தையல் வேலைக்குப் போகிறவர்கள். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். கடையில் வாங்கும் எந்தத் துணியை விடவும் அது மலிவு. சிவகாசி நம் மாவட்டம்தான். சனவரி பிறந்தால் வீட்டுக்கு வீடு பழைய தினசரிக் காலண்டர் அட்டைகள் கழித்துப் போடப்படும்.

இந்த மூன்றும் எங்கள் ஊருக்குக் கிடைத்தவை. உங்கள் ஊரில் அது கோரைப் பாயாக, பனை ஓலையாக, பனியன் துணியாக, சணல் சாக்காக இருக்கலாம். கடைக்குப் போகும் முன், "நம் ஊரில் எது மிஞ்சுகிறது?" என்று குழந்தைகளைக் கேளுங்கள். நமக்குத் தெரியாத இடங்கள் அவர்களுக்குத் தெரியும்.

ஓர் அடிப்படை உடை, ஓர் அடையாளம்

முழு உடையைத் தைக்க நினைத்தால் செலவும் கூடும், நாளும் போதாது. தெருக்கூத்துக் கலைஞர்களிடமிருந்து இதற்கு ஒரு வழி கற்றுக்கொள்ளலாம். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுவார்கள். இரவில் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தலையையும் தோளையும் பார்த்தவுடன் "அரசன் வருகிறான்" என்று தெரிந்துவிடும். நுணுக்கமான வேலைப்பாடு கடைசி வரிசைக்குத் தெரியாது. பெரிய வடிவம் தெரியும்.

ஆகவே 26 பேருக்கும் வீட்டில் இருக்கும் வெளிர் நிறச் சட்டையும் அடர்நிறக் கால்சட்டை அல்லது பாவாடையும்தான் அடிப்படை உடை. அதன்மேல் ஆளைக் காட்டும் அடையாளம் மட்டும் நாங்கள் செய்தோம். அரசனுக்குக் கிரீடம், தோள் அணி, மேலாடை. அமைச்சர்களுக்குத் தலைப்பாகை, அகன்ற இடைக்கச்சை. ஊர் மக்களுக்குத் தோள் துண்டு. பின்பாட்டுக் குழுவுக்கு ஒரே நிற மேல்துணி. தேர்ச் சக்கரம் வரைவது எளிதாக இருந்தது. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்க்காத குழந்தை எங்கள் வகுப்பில் இல்லை.

ஒவ்வோர் உடையையும் ஐந்து கேள்விகளால் சோதித்தோம்:

1. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் இவர் யார் என்று தெரிகிறதா?
2. கையைத் தூக்கவும் தரையில் உட்காரவும் ஓடவும் முடிகிறதா?
3. மூச்சை இழுத்துப் பாடும்போது கழுத்தும் மார்பும் இறுகாமல் இருக்கிறதா? காது மூடாமல் இருக்கிறதா?
4. உதவியின்றி இரண்டு நிமிடத்தில் அணியவும் கழற்றவும் முடிகிறதா? கழிவறை செல்ல இடைஞ்சல் உண்டா?
5. அணிந்த குழந்தைக்குக் கூச்சம் ஏதும் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வி பாட்டு நாடகத்துக்கு மிக முக்கியம். முதலில் செய்த கிரீடம் இளவரசனின் காதை மூடியது. ஆர்மோனியச் சுருதி கேட்காமல் அவன் வேறு சுருதியில் பாடினான். காதுப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டியதும் சரியாகிவிட்டது.

அளவெடுப்பது கணக்குப் பாடம்

ஏழாம் வகுப்புப் புள்ளியியல் பாடத்தை இதனுடன் இணைத்தேன். 26 பேரின் தலைச் சுற்றளவையும் தோள் அகலத்தையும் இஞ்சி டேப்பால் அளந்து பட்டியலிட்டார்கள். சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் கண்டார்கள். "சராசரி அளவில் எல்லாக் கிரீடத்தையும் செய்துவிடலாமா?" என்று கேட்டேன். செய்து பார்த்ததில் சிலருக்கு இறுகியது, சிலருக்குக் கண்வரை இறங்கியது. பின்பக்கம் எலாஸ்டிக் வைத்ததும் ஒரே கிரீடம் எல்லோருக்கும் பொருந்தியது. சராசரி எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைப் பாடப்புத்தகக் கணக்கைவிட இது தெளிவாகக் காட்டியது.

ஓர் எச்சரிக்கை. மார்பு, இடை அளவுகளை வகுப்பில் எடுக்க வேண்டாம். எடையைப் பற்றிய கேலி அங்கேதான் தொடங்கும். தலை, தோள், உயரம் போதும்படியாக உடையை அமையுங்கள். மாணவியருக்கு மாணவியரே அளக்கட்டும்.

சாயம் தோய்ப்பது அறிவியல் பாடம்

பேண்டேஜ் துணி 60 மீட்டர் வாங்கினோம். பின்பாட்டுக் குழுவுக்கு 27, ஊர் மக்களுக்கு 16, பசுவுக்கும் கன்றுக்கும் 12, அரசனின் மேலாடைக்கு 5 மீட்டர். இந்தத் துணி ஊடு தெரியும், ஆகவே இரட்டையாக மடித்துத் தைக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து அலசி, காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். எங்கள் துணியில் 100 செ.மீ. அலசியபின் 93 செ.மீ. ஆனது. சுருக்க விழுக்காட்டைக் குழந்தைகளே கணக்கிட்டார்கள்.

மஞ்சளைக் கொதிக்கவைத்து வடிகட்டி மஞ்சள் நிறமும், தேயிலைச் சாற்றில் பழுப்பு நிறமும் ஏற்றினோம். நிழலில் உலர்த்தினோம். வெயில் பட்டால் மஞ்சள் வெளிறிவிடும். ஒத்திகைக்குப் பிறகு இரண்டு துண்டுகளில் அழுக்கு என்று ஒரு மாணவன் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டான். மஞ்சள் துண்டு திட்டுத் திட்டாகச் சிவந்தது. அவன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் நனைத்தோம், மஞ்சள் திரும்பியது. மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மீளும் என்பதை அந்த வகுப்பு இனி மறக்காது.

பேண்டேஜ் துணி மெல்லிய பருத்தி, தீ எளிதில் பற்றும். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டும். ஆகவே மேடையில் விளக்கோ கற்பூரமோ வைக்கவில்லை. மின்கல விளக்கையே பயன்படுத்தினோம். ஊக்குகளுக்குப் பதிலாகப் பிரஸ் பட்டனும் நாடாவும் வைத்தோம்.

தையலும் செலவும்

நேர்த் தையலை மாணவ மாணவியர் இருபாலரும் கையால் போட்டார்கள். இயந்திரத் தையலை மட்டும் ஒரு தாயிடம் கொடுத்தோம். அவருக்குக் கூலி கொடுத்தோம். பள்ளிக்காகத்தானே என்று அன்றாடக் கூலிக்காரரின் ஒரு நாளை இலவசமாகக் கேட்பது முறையல்ல.

பேண்டேஜ் துணி 720, எலாஸ்டிக், நாடா, பட்டன் 310, ஜிகினா தாள், பசை 260, மஞ்சள், தேயிலை 90, தையல் கூலி 600. மொத்தம் 1,980 ரூபாய், ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 76 ரூபாய். இதை ஆண்டு விழாச் செலவிலேயே எடுத்துக்கொண்டோம். எந்தக் குழந்தையிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

பழைய துணி சேகரித்தால் கவனம் தேவை. ஒரு குழந்தையின் பழைய சட்டையை அப்படியே இன்னொரு குழந்தைக்கு அணிவிக்காதீர்கள். துவைத்து, வெட்டி, சாயம் ஏற்றி, யாருடையது என்று தெரியாதபடி மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

மேடையில்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஏற்றுப் பாடி நடித்தார்கள். எங்கள் நாடகத்தில் அது திரும்பி நின்றது. அரசனாக நடித்தது எட்டாம் வகுப்பு மாணவி. கன்றை இழந்த பசுவாக நின்று பாடியவள், முந்தைய ஆண்டு "தொண்டை சரியில்லை" என்ற அதே மாணவி.

பேண்டேஜ் துணியில் தைத்த பசு உடைக்குத் தளவாய்புரத்துத் துண்டுத் துணிகளால் வால் பின்னியது அவள்தான். கூலிக்குத் தைத்துக் கொடுத்தவர் அவளுடைய தாய். விழா முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அவர் என்னிடம் வந்து, "போன வருசமே சொல்லியிருந்தா நானே தச்சுத் தந்திருப்பேனே டீச்சர்" என்றார். மகள் ஏன் விலகினாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

உடைகளைத் துவைத்து, காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் இட்டு அட்டைப் பெட்டிகளில் வைத்திருக்கிறோம். என்னென்ன, எத்தனை என்ற பட்டியல் பெட்டியின்மேல் ஒட்டியிருக்கிறது. ஒரு குறுவள மையத்துப் பள்ளிகள் சேர்ந்து இப்படி ஓர் உடை வங்கி வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த 76 ரூபாயும் குறையும்.

அடுத்த முறை நாடகத்துக்குப் பெயர் எழுதும்போது, தானாக விலகும் குழந்தையிடம் காரணத்தை இன்னொரு முறை கேளுங்கள். அதற்கும் முன்பாக, "உடைக்கு யாரும் காசு கொண்டு வர வேண்டாம்" என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.