கழித்தலும் காத்தலே

நுழையும்முன்

பொருளை ஈட்டுவதைப் போலவே ஈட்டியதைக் காப்பதும் ஓர் ஆற்றல். முற்காலத்தில் பூட்டும் பெட்டியும் செய்த காவலை இன்று எண்களும் கடவுச்சொற்களும் செய்கின்றன. அவற்றைச் சுமந்து நிற்கும் வங்கி அட்டையைப் பயன் முடிந்தபின் என்ன செய்வது? இவ்வினாவிற்கு விடை காண்கிறது இப்பாடம்.

அட்டை வேறு, கணக்கு வேறு

கடன் அட்டை என்பது 85.60 மி.மீ. நீளமும் 53.98 மி.மீ. அகலமும் 0.76 மி.மீ. தடிமனும் கொண்ட சிறு நெகிழித் துண்டு. எந்நாட்டு இயந்திரத்திலும் பொருந்துமாறு பன்னாட்டளவில் வகுக்கப்பட்ட அளவு இது. அத்துண்டுக்கெனத் தனி மதிப்பு ஏதுமில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் உரிமையே அதன் மதிப்பு.

எனவே, அட்டையை வெட்டி எறிவதால் மட்டும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. சாவியை உடைத்தவர் வீட்டை விற்றவர் ஆகார். கணக்கு திறந்திருக்கும் வரை ஆண்டுக் கட்டணம் சேரக்கூடும். செலுத்தாத தொகைக்கு வட்டி வளரும். பின்னாளில் கல்விக்கடனோ வீட்டுக்கடனோ கேட்கும்போது அந்நிலுவையே தடையாக நிற்கக்கூடும்.

முதலில் முடிக்க வேண்டியவை

கடன் அட்டை இனித் தேவையில்லை எனில், முதலில் நிலுவை முழுவதையும் செலுத்த வேண்டும். மாதந்தோறும் தாமாகவே பணம் எடுக்கப்படுமாறு தந்த ஒப்புதல்களை நீக்க வேண்டும். அதன்பின் கணக்கை முடிக்குமாறு வங்கிக்கு விண்ணப்பித்து, முடிக்கப்பட்டதற்கான உறுதிமொழியை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் வாடிக்கையாளருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நிலுவை இல்லாத கடன் அட்டைக் கணக்கை முடிக்கும் பணி, விண்ணப்பித்த 7 வேலை நாள்களுக்குள் நிறைவு பெற வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயை அட்டை வழங்கிய நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

பழைய அட்டைக்கு மாற்றாகப் புதிய அட்டை வந்திருப்பின் கணக்கை முடிக்க வேண்டியதில்லை. புதியது செயல்படுவதை உறுதி செய்தபின் பழையதை அழிக்கலாம். காலாவதியான அட்டைதானே என்று அலட்சியம் கொள்ளலாகாது. பழைய எண்ணே புதிய அட்டையிலும் தொடர்வது உண்டு.

அட்டைக்குள் இருப்பவை

அட்டையில் பெயர், எண், காலாவதி நாள், பாதுகாப்பு எண் ஆகியன கண்ணுக்குத் தெரிபவை. காந்தப்பட்டையிலும் சில்லிலும் உள்ள தரவுகள் கண்ணுக்குத் தெரியாதவை. காந்தப்பட்டையில் உள்ள தரவு என்றும் மாறாதது. ஆதலால் எளிதில் நகலெடுக்கப்படும். சில்லோ, தன்னுள் மறைத்துவைத்த திறவுகோலைக் கொண்டு ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் புதிய குறியீட்டை உருவாக்கும். அதனை நகலெடுத்தல் மிகக் கடினம். இதனாலேயே, காந்தப்பட்டை மட்டும் உடைய அட்டைகளை 2018ஆம் ஆண்டு இறுதிக்குள் சில்லு அட்டைகளாக மாற்றுமாறு வங்கிகள் பணிக்கப்பட்டன.

சில்லை நகலெடுக்க இயலாதவர் அச்சில்லையே கைப்பற்ற முயல்வர். பிரேசில் நாட்டில் நிகழும் ஒருவகை மோசடி இதற்குச் சான்று. வங்கியிலிருந்து அழைப்பதாகக் கூறும் ஒருவர், 'உங்கள் அட்டை நகலெடுக்கப்பட்டுவிட்டது. அதனை இரண்டாக வெட்டி, எங்கள் ஆளிடம் கொடுங்கள்' என்பார். இரகசிய எண்ணையும் தொலைபேசியிலேயே பெற்றுக்கொள்வார். அட்டையை வெட்டிவிட்டோம் என்னும் நிம்மதியில் முதியவர்கள் அதனை ஒப்படைப்பர். வெட்டுப்படாத சில்லோ மோசடியாளர் கையில் உயிரோடிருக்கும்!

அழிக்கும் முறை

ஆகவே, கத்தரிக்கோல் முதலில் சில்லின் நடுவே செல்ல வேண்டும். பின்னர்க் காந்தப்பட்டை, அட்டை எண், பாதுகாப்பு எண், கையொப்பம் ஆகியவற்றைப் பல சிறு துண்டுகளாக வெட்டுதல் வேண்டும். துண்டுகள் அனைத்தையும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் இடாமல், வெவ்வேறு நாள்களில் பிரித்து இடுவது நன்று. கத்தரிக்கு இணங்காத உலோக அட்டையை வங்கியிடமே ஒப்படைக்கலாம். கைப்பேசியில் அட்டையின் ஒளிப்படம் இருப்பின் அதனையும் நீக்க வேண்டும்.

அட்டையை எரித்தல் கூடாது. பெரும்பாலான அட்டைகள் பாலிவினைல் குளோரைடு என்னும் நெகிழியால் ஆனவை. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். டையாக்சின் என்னும் நச்சுப்பொருள்களும் உருவாகும். போகி நாளில் நெகிழியை எரிக்க வேண்டா என்று வலியுறுத்தப்படுவது இத்தகைய தீங்குகளைத் தடுக்கவே.

தெரியுமா?

2021 சனவரி 1 முதல், 5,000 ரூபாய் வரையிலான தொகையை, தொடுகையில்லா அட்டையை இயந்திரத்தின் அருகே காட்டி, இரகசிய எண்ணை இடாமலேயே செலுத்த வழிசெய்யப்பட்டது. அட்டைக்குள் பதிந்துள்ள மெல்லிய கம்பிச்சுருளே இதற்கு உதவுகிறது.

இல்லத்தின் பொறுப்பு

இறந்தவரின் அட்டை பல வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கிறது. இரகசிய எண் தெரியும் என்பதற்காக அதனைப் பயன்படுத்துதல் முறையன்று. இறப்புச் சான்றிதழுடன் வங்கிக்குத் தெரிவித்து, உரியவர் வழியாகவே பணத்தைப் பெற வேண்டும்.

வங்கிப் படிவத்தை நிரப்பவும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லவும் பெற்றோர் பிள்ளைகளை எதிர்பார்க்கும் இல்லங்கள் இன்று பல. உடலுழைப்பால் சேர்ந்த பணம் ஓர் அலட்சியத்தால் கரைந்துவிடாமல் காக்கும் வாய்ப்பு அவ்வில்லத்து மாணவருக்கு உண்டு. ஒருவேளை பணம் பறிபோனால், காலம் தாழ்த்தாமல் வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். புதியதைப் பெறும்போது காட்டும் விழிப்பைப் பழையதைக் கழிக்கும்போதும் காட்டுவதே முழுமையான காவல்.

கற்பவை கற்றபின்

1. 'சாவியை உடைத்தவர் வீட்டை விற்றவர் ஆகார்' - இவ்வுவமையைப் பாடப்பொருளோடு பொருத்தி விளக்குக.

2. கடன் அட்டைக் கணக்கை முடிக்க வேண்டி வங்கி மேலாளருக்கு எழுதும் விண்ணப்பத்தின் மாதிரி ஒன்றை உருவாக்குக. (உண்மையான கணக்கு எண்ணைக் குறிப்பிட வேண்டா.)