பெட்டை நாயின் பிறப்புறுப்புக் கட்டிகளும் சத்திர சிகிச்சையும்

வயலிற் பன்றி புகாமலும், தோட்டத்து விளைவு களவு போகாமலும் இரவு முழுவதும் காவல் செய்வது நாய். மாட்டுக்கு நோய் கண்டால் உடனே மிருக வைத்தியரை நாடும் கமக்காரர், நாய்க்கு நோய் கண்டால் அது தானே மாறட்டும் என்று விட்டுவிடுதல் வழக்கம். பெட்டை நாயின் பிறப்புறுப்பில் உண்டாகும் கட்டி அவ்வாறு விடத்தக்கதன்று. காலத்தோடு கண்டறிந்தால் இக்கட்டிகளிற் பெரும்பாலானவற்றைக் குணப்படுத்தலாம். ஆயினும், எல்லாக் கட்டிகளும் வெட்டி எடுக்கத்தக்கன அல்ல. கட்டியின் வகையை அறிந்த பின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும்.

நோயின் அறிகுறிகள்

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டில் இருமுறை வேட்கைக்கு வரும். ஒவ்வொரு முறையும் அது ஏறக்குறைய 3 வாரம் நீடிக்கும். அதன் முற்பகுதியிற் குருதி கசிதல் இயல்பு. வேட்கைக் காலம் கழிந்த பின்னரும் குருதி சொட்டுமாயின் அதனை நோய் எனக் கருதுக. பின்வருவனவற்றையும் கவனிக்க:

1. யோனிவாயில் அல்லது அதன் மேற்புறத்திற் புடைப்புக் காணப்படல்.
2. நாய் அவ்விடத்தை ஓயாது நக்குதல்.
3. முக்கி முக்கிச் சிறுநீர் அல்லது மலம் கழித்தல்.

சிறுநீர் முற்றாகத் தடைப்பட்டால் ஒரு நாளேனும் தாமதித்தல் ஆகாது.

கட்டிகளின் வகைகள்

மழமழப்பான தசையில் உண்டாகும் கட்டி: இது பெரும்பாலும் கருத்தடை செய்யப்படாத, வயது முதிர்ந்த பெட்டை நாய்களில் உண்டாகும். தொட்டால் உறுதியாக இருக்கும், மெல்ல வளரும், பொதுவாக உடலின் வேறிடங்களுக்குப் பரவாது. ஆனால் பெருத்துச் சிறுநீர் வழியை நெருக்கும். இதற்குரிய பரிகாரம் சத்திர சிகிச்சையே.

தொற்றுக் கட்டி: இது பூக்கோவாவைப் போலக் கரடுமுரடாகவும் சிவந்தும் இருக்கும்; தொட்டவுடன் உதிர்ந்து குருதி கசியும். கிருமியினால் அன்றி, கட்டியின் உயிர்க் கலங்களே புணர்ச்சியினாலும் நக்குவதாலும் ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குச் சென்று ஒட்டி வளர்வதால் இது உண்டாகின்றது. நாயின் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள் உண்டு. இக்கட்டியின் கலத்தில் 60 அளவே காணப்படும். 1876இல் உருசிய மிருக வைத்தியர் நொவின்ஸ்கி இதனை ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டி வளர்த்துக் காட்டினார். கடுவன் நாய்க்கும் இது வரும். ஆண்குறியிலிருந்து குருதி சொட்டுவதைச் சிறுநீர் நோய் என மயங்குதல் கூடாது.

வேட்கைக்கால வீக்கம்: இளம் பெட்டை நாயில், வேட்கைக் காலத்தில் மழமழப்பான இளஞ்சிவப்புத் தசை வெளியே தள்ளும். இது கட்டியன்று, வேட்கை தணிந்ததும் பெரும்பாலும் சுருங்கும்.

வேட்கை கழிந்து சில வாரங்களிற் சீழ் வடிந்து, நாய் மிகுதியாக நீர் குடித்து உணவை வெறுக்குமாயின், அது கருப்பையிற் சீழ் கட்டும் நோயாகலாம். அதற்கும் உடனடிச் சிகிச்சை வேண்டும்.

நோயை நிச்சயித்தல்

மிருக வைத்தியர் கையுறை அணிந்து விரலாற் பரிசோதித்துக் கட்டியின் இடத்தையும் அடியையும் அறிவார். பின்னர் கட்டியை ஒரு கண்ணாடித் தட்டில் ஒற்றி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியிற் பார்ப்பார். தொற்றுக் கட்டியின் வட்டமான கலங்கள் இச்சோதனையிற் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். ஐயமிருப்பின் சிறு துண்டை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார். கட்டி உள்ளே எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை எக்ஸ்-கதிர்ப் படத்தாலும் ஸ்கான் பரிசோதனையாலும் அறியலாம்.

சிகிச்சை

தொற்றுக் கட்டியை வெட்டினால் அது மீண்டும் முளைத்தல் மிகுதி. ஆகவே வின்கிறிஸ்டீன் என்னும் மருந்தை வாரம் ஒரு முறை நாளத்திற் செலுத்துவர். பெரும்பாலான நாய்கள் சில வார ஊசிகளிற் குணமடையும். குருதி கசிதல் நின்றதும் சிகிச்சையை இடைநிறுத்தற்க. ஊசி போட்ட பின்னர் சில நாட்களுக்கு நாயின் சிறுநீரையும் மலத்தையும் கையுறையுடன் அகற்றுக. கிணற்றடியிலும் மரக்கறிப் பாத்தியிலும் நாயை விடற்க. கர்ப்பிணிகளும் சிறுவரும் அவற்றைத் தொடலாகாது.

தசைக் கட்டிக்குச் சத்திர சிகிச்சை செய்யுமுன், முதல் நாள் இரவிலிருந்து உணவை நிறுத்தும்படி கூறப்படும். நாயை மயக்கி, சிறுநீர் வழிக்குச் சேதம் நேராதவாறு அதனுள் ஒரு மெல்லிய குழாயை இடுவர். உட்புறக் கட்டியாயின் யோனிவாயின் மேல் முனையிலிருந்து குதத்தை நோக்கி நடுக்கோட்டிற் கீறி வழியைத் திறப்பர். காம்புள்ள கட்டியின் காம்பைக் கட்டி அறுப்பர். காம்பற்றதை மேற்றோலைக் கீறித் தோண்டி எடுப்பர். பின்னர் படைபடையாகத் தைப்பர். இக்கட்டி சூலகச் சுரப்புகளால் ஊக்கப்படுவதால், அதே வேளையிற் கருத்தடையும் செய்தல் நன்று. மீண்டும் வரும் வாய்ப்பு அதனாற் குறையும்.

சிகிச்சைக்குப் பின்

தையல் அகற்றும் வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, நாயைக் கட்டிவைத்து உலர்ந்த இடத்திற் படுக்கச் செய்க. வயற் சேற்றில் விடற்க. புண்ணை நக்காதபடி கழுத்திற் கூம்பு அணிவிக்க. இலையான் மொய்த்துப் புழு வைக்கிறதா என நாள்தோறும் பார்க்க. மனிதருக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுக்கற்க. வீக்கம், சீழ், சிறுநீர்த் தடை என்பன காணின் உடனே வைத்தியருக்கு அறிவிக்க.

தடுக்கும் வழி

இனப்பெருக்கத்துக்கு வேண்டாத பெட்டை நாய்க்கு இளவயதிலேயே கருத்தடை செய்விக்க. வேட்கைக் காலத்தில் நாயை வளவுக்குள் அடைத்து வைக்க. தொற்றுக் கட்டியுள்ள நாயைக் குணமாகும் வரை ஏனைய நாய்களிலிருந்து பிரித்து வைக்க. அவிழ்த்து விட்டால் ஊர் நாய்கள் பலவற்றுக்கும் அது பரவும்.

கட்டியை நூலாற் கட்டுதலும், சூடு போடுதலும், வீட்டுக் கத்தியால் அறுத்தலும் குருதிப் பெருக்கையும் பெருந்துன்பத்தையும் விளைக்கும். கட்டி சிறிதாயிருக்கும்போதே அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அதிகாரியிடம் நாயைக் கொண்டு செல்க. சிறு கட்டியை அகற்றுதல் எளிது; செலவும் குறைவு; காவல் நாயும் விரைவில் தன் கடமைக்குத் திரும்பும்.