தரம் உயர்த்திய கணினியும் தடைபட்ட வி.பி.என். இணைப்பும்

மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டும் குடும்பங்களிலிருந்து உயர்கல்விக்கும் அலுவலகப் பணிக்கும் சென்ற இளைஞர் பலர் உளர். டுரியான் துங்காலில் அமைந்துள்ள யூடெம் பல்கலைக்கழகத்திலும், புக்கிட் பெருவாங்கிலுள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் பயில்வோர் ஒருபுறம். நகர நிறுவனங்களின் கணக்குகளையும் கோப்புகளையும் கவனிப்போர் மறுபுறம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபொழுது, இவர்களுள் பலருடைய வகுப்பறையும் அலுவலகமும் ஒரே நாளில் வீட்டின் முன்னறைக்குள் வந்து சேர்ந்தன. ஆணை நீங்கிய பின்னரும் சில நாள்களேனும் வீட்டிலிருந்து பணிபுரியும் வழக்கம் பலரிடம் நிலைத்துவிட்டது. அவ்வாறு நம் இல்லங்களில் புழங்கத் தொடங்கிய சொற்களுள் ஒன்றே ‘வி.பி.என்.’ என்பது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதனையொட்டிப் பலர் தங்கள் கணினியை விண்டோஸ் 11க்குத் தரம் உயர்த்தினர். தரம் உயர்த்திய மறுநாள் காலையில் கணினி நன்றாகவே இயங்குகிறது. இணையத்தில் செய்தித்தாளும் படிக்க முடிகிறது. ஆனால் அலுவலகத்துக்குள் மட்டும் நுழைய இயலவில்லை. தன்னால்தான் கெட்டுவிட்டதோ என்று மகள் அஞ்சுகிறாள். கடன் வாங்கியாவது புதுக் கணினி எடுத்துத் தரலாமா என்று தந்தை எண்ணுகிறார். பெரும்பாலான நேரங்களில் இந்த அச்சத்துக்கும் அந்தக் கடனுக்கும் தேவையே இல்லை. கணினி பழுதாகவில்லை, புதிய இயங்குதளமும் பழைய வி.பி.என். மென்பொருளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதனைக் கண்டறியும் முறையையே இப்பாடத்தில் காண்போம்.

முதலில் வி.பி.என். என்பது யாதெனத் தெரிந்துகொள்ளுதல் நன்று. இணையம் எல்லாரும் நடமாடும் பொதுச் சாலை. நிறுவனத்தின் கோப்புகளோ வேலியிட்ட வளாகத்துள் இருப்பவை. வி.பி.என். மென்பொருள், நம் வீட்டிலிருந்து அவ்வளாகத்தின் வாயில்வரை, அப்பொதுச் சாலையினூடே ஒரு மூடிய வழியை அமைக்கிறது. அவ்வழியே செல்லும் செய்திகள் பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்பப்படுவதால், இடையில் நிற்போர் படித்தல் இயலாது. வாயிலில் உள்ள வழங்கிக் கணினி, வருபவரின் பெயரையும் கடவுச்சொல்லையும், சில இடங்களில் சான்றிதழ் எனப்படும் மின்னியல் அடையாளச் சீட்டையும் சரிபார்த்த பின்னரே உள்ளே விடும்.

இவ்வழியை அமைப்பதற்காக வி.பி.என். மென்பொருள் நம் கணினிக்குள் ஒரு பொய்யான வலையமைப்பு அட்டையைத் தோற்றுவிக்கிறது. இதனை மெய்நிகர் இணைப்பான் என்பர். கையால் தொட முடியாத இந்த அட்டையை இயக்க ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி நிரல் ஒன்று வேண்டும். இயங்குதளம் மாறும்பொழுது பெரிதும் அடிபடுவது இவ்விரண்டுமே. மரத்தின் ஒரு பக்கத்துப் பட்டை முடிந்து மறுபக்கம் வெட்டத் தொடங்கிய பிறகும் மங்கு பழைய பக்கத்திலேயே தொங்கினால் என்ன நேரும்? மரம் பால் கொடுக்கத்தான் செய்யும்; பால்தான் மங்கில் சேராது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் பழைய வி.பி.என். மென்பொருளைப் பயன்படுத்தியோர் விண்டோஸ் 8க்கும், பின்னர் 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கும் மாறியபொழுது, பலருக்கு 442 என்னும் பிழை எண் தோன்றியது. மெய்நிகர் இணைப்பானை இயக்க முடியவில்லை என்பது அதன் பொருள். காரணத்தை ஆராய்ந்தபொழுது கிடைத்த விடை வியப்புக்குரியது. இயங்குதளத்தின் பதிவேட்டில் அந்த இணைப்பானின் பெயருக்கு முன்னால் வேறு சில எழுத்துகள் சேர்ந்திருந்தன. மென்பொருள் தனக்குத் தெரிந்த பெயரைத் தேடியது. அப்பெயர் அவ்வண்ணமே இல்லாததால் கைவிட்டது. ஆள் வேலைக்கு வந்திருந்தும் செக்ரோலில் பெயர் மாறியிருந்தால் சம்பளம் நின்றுபோவதை நம் பாட்டாளிகள் அறிவர். இங்கு நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே. கூடுதலாகச் சேர்ந்த எழுத்துகளை நீக்கியதும் பலருக்கு இணைப்புக் கிடைத்தது. எனினும் விண்டோஸ் 10 வெளிவருமுன்பே அம்மென்பொருளுக்கான ஆதரவை நிறுவனம் நிறுத்திவிட்டிருந்தது. ஆதலின் அந்த மருத்துவம் நிலையானதன்று. புதிய மென்பொருளுக்கு மாறுவதே நேர்வழியாயிற்று.

இனி நம் வீட்டுக் கணினிக்கு வருவோம். எதனையும் அழிப்பதற்கு முன், கோளாறு கணினியிலா, இணையத் தொடர்பிலா என்பதனைப் பிரித்தறிதல் வேண்டும். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வீட்டு இணையத்தைத் துண்டித்துவிட்டு, கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’ வழியாகக் கணினியை இணைத்து வி.பி.என்.னை இயக்கிப் பார்க்கலாம். அப்பொழுது இணைப்புக் கிடைத்தால், கணினியின் மீது பழியில்லை. வீட்டிலுள்ள ‘ரௌட்டர்’ பெட்டியையோ இணையச் சேவை நிறுவனத்தையோதான் கவனிக்க வேண்டும். தோட்டங்களில் அலைவரிசை வலுக்குன்றி இருப்பது புதிதன்று. அத்தகைய இடங்களில், அருகிலுள்ள நாடி மையத்துக்கோ நகரிலுள்ள உறவினர் இல்லத்துக்கோ மடிக்கணினியை எடுத்துச் சென்று சோதித்தலும் பயன்தரும். எங்குச் சென்றாலும் இணைப்புக் கிடைக்கவில்லையெனில், ஐயம் கணினியின் பக்கம் அல்லது அலுவலகத்தின் பக்கம் திரும்புகிறது.

அடுத்து, திரையில் தோன்றும் பிழை எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இதனைப் பலர் சினத்தில் மூடிவிடுகின்றனர். விண்டோஸிலேயே அமைந்த வி.பி.என். வசதியைப் பயன்படுத்துவோருக்கு 691 என்னும் எண் தோன்றினால், பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்று பொருள். தரம் உயர்த்தும்பொழுது நினைவில் வைத்திருந்த கடவுச்சொல் மறைந்திருக்கக்கூடும்; புதிதாகத் தட்டச்சு செய்தாலே போதும். 809 தோன்றினால் வாயிலிலிருந்து மறுமொழி வரவில்லை. இடையில் தீயரண் மென்பொருளோ ரௌட்டரோ வழிமறிக்கலாம். 789 என்பது பூட்டும் திறவும் ஒத்துவராத நிலை. அலுவலகம் தந்த பொதுத் திறவுச்சொல்லை அல்லது சான்றிதழைச் சரிபார்த்தல் வேண்டும். கணினியின் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதனையும் ஒரு கண் பார்த்துவிடுதல் நலம். நாள் தவறியிருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழையும் கணினி காலாவதியானதெனத் தள்ளிவிடும்.

இவற்றால் பயனில்லையெனில், பழைய வி.பி.என். மென்பொருளை முற்றாக நீக்கி, கணினியை மறுபடி தொடக்கி, விண்டோஸ் 11க்கென வெளிவந்த புதிய பதிப்பை நிறுவ வேண்டும். பழையதன் மேலேயே புதியதை ஏற்றினால், பழைய இயக்கியின் எச்சங்கள் உள்ளே கிடந்து மீண்டும் தொல்லை தரலாம். நீக்குவதற்கு முன் வழங்கியின் முகவரி, பயனர் பெயர், இணைப்பின் வகை ஆகியவற்றை எழுதிவைத்தல் இன்றியமையாதது. புதிய பதிப்பை அலுவலகம் அல்லது பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவிலிருந்தே பெறுதல் வேண்டும். இணையத்தில் ‘இலவச வி.பி.என்.’ என்று விளம்பரம் செய்யப்படுவன வேறு பயனுக்குரியவை. அவற்றால் நம் அலுவலகத்தின் வாயில் திறவாது. நம் செய்திகள் முன்பின் அறியாதோர் வழியே செல்வதுதான் மிச்சம்.

விண்டோஸ் 11இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ எனப்படும் பாதுகாப்பு ஒன்று உண்டு. பொருந்தாத பழைய இயக்கிகளை அது உள்ளே விடாது. அதனை அணைத்துவிட்டால் வி.பி.என். வேலை செய்யும் என்று சிலர் அறிவுரை கூறுவர். நாம் அதனைப் பரிந்துரைக்கமாட்டோம். நாய் குரைக்கிறதென்று நாயை அவிழ்த்துவிடுதல் வீட்டுக்குக் காவலாகாது. புதிய இயக்கியைக் கேட்டு வாங்குவதே முறை. ‘நெட்வொர்க் ரீசெட்’ என்னும் வசதியும் கடைசி முயற்சியாகவே இருத்தல் வேண்டும். அது வலையமைப்பு அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடுவதால், வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கைவசம் வைத்துக்கொள்ளாமல் அதில் கைவைத்தலாகாது.

இவ்வளவும் செய்து பயனில்லாதபொழுது, உடன் பணிபுரிவோரிடம் ஒரு சொல் கேட்டறிவது நேரத்தை மிச்சப்படுத்தும். 2022 ஜனவரி 11ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் புதுப்பிப்பினால் எல்2டிபி வகை வி.பி.என். இணைப்புகள் பல நாடுகளில் தடைபட்டன. ஜனவரி 17ஆம் நாள் அவசரத் திருத்தம் வெளியிடப்பட்ட பின்னரே நிலைமை சீராயிற்று. 2024 ஏப்ரல் மாதப் புதுப்பிப்பும் சிலருடைய வி.பி.என்.னைத் தடுத்தது, மே மாதப் புதுப்பிப்பு அதனைத் தீர்த்தது. அத்தகைய நாள்களில் தோட்டத்து வீட்டிலிருக்கும் பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்தாலும் குறையைத் தீர்க்க இயலாது. பலருக்கும் ஒரே நாளில் இணைப்பு அறுந்ததெனில் மேலாளருக்கு உடனே தெரிவித்துவிட்டு, திருத்தத்துக்குக் காத்திருப்பதே அறிவுடைமை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கணினி தடுமாறும் இந்நேரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, தாம் மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகக் கூறி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்போர் ஏமாற்றுக்காரரே. அவர்கள் சொல்லும் செயலியை நிறுவுதலும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கூறுதலும் கூடாது. பணம் பறிபோனால் நேரம் தாழ்த்தாமல் வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நாளையே அலுவலகக் கணக்கை முடித்துத் தர வேண்டியவர்களுக்கு மற்றுமொரு வழி திறந்திருக்கிறது. விண்டோஸ் 11க்கு மாறிய 10 நாள்களுக்குள் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரெக்கவரி’ என்னும் இடத்துக்குச் சென்று பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடலாம். கோப்புகளை முன்கூட்டியே வேறோரிடத்தில் படியெடுத்துக்கொள்வது நன்று. அவ்வாறு திரும்புவோர் விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அதற்குள் அலுவலகத்தின் கணினிப் பிரிவு, தனது வி.பி.என். மென்பொருளின் எந்தப் பதிப்பு விண்டோஸ் 11க்கு ஏற்றது என்பதனை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பிள்ளைகள் கேட்டு வைக்கட்டும்.