சைக்கிள் ஓட்டும் அலுவலகவாசிகளுக்குக் கழுத்துவலியா?

வாரநாளெல்லாம் ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை, சனி ஞாயிறு விடிவதற்குள் ஈ.சி.ஆரில் சைக்கிள். சென்னையில் இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. திங்கட்கிழமை கழுத்து திரும்பவில்லை என்றால் இவர்கள் திட்டுவது சைக்கிளைத்தான். உண்மையில் சைக்கிள் பாதிக் குற்றவாளிதான். நாற்காலியில் தலை முன்னால் தள்ளி நிற்கிறது. சைக்கிளில் உடம்பு குனிந்திருக்க, சாலையைப் பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வளர்ந்தவர் ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்கும் பிடரித் தசைகளுக்கு இரண்டு இடத்திலும் ஓய்வே கிடையாது.

1. புது சைக்கிள் பாகம் வாங்குமுன் மேஜையைச் சரிசெய்யுங்கள். லேப்டாப்பின் திரை கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் கீபோர்டு கைக்கு எட்டாது. கை வாகாக இருந்தால் தலை கவிழும். அதனால் லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் ஏற்றி, தனி கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொள்ளுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் திரையைக் கொஞ்சம் தாழ்த்தலாம். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பாகம் வழியாகப் படிக்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள்.

2. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டைப் அடிக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

3. சீட்டின் மேல் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும்; அதைத் தடுக்க இரண்டு கையும் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தோள்வலி என்று வருகிறவர்களில் சிலருக்கு இந்தச் சீட்டைச் சமமாக்கினாலே பாதி குறைந்துவிடும். காசும் செலவில்லை, ஒரு எல்-கீ போதும்.

4. அடுத்தது ஹேண்டில்பார். பந்தய வீரர்களைப் பார்த்துச் சீட்டைவிடத் தாழ்வாக இறக்கி வைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கு. முதுகும் இடுப்பும் அதற்குப் பழகியிருக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற உடம்புக்கு அது சுமை. சீட் மட்டத்துக்கோ, சற்று மேலேயோ ஏற்றுங்கள். ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள் இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி அவற்றைக் கீழே மாற்றலாம். சாதாரண சைக்கிள்களில் ஸ்டெம்மையே வெளியே இழுத்து உயர்த்தலாம். ஆனால் அதில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு இழுக்கவே கூடாது, ஓடும்போது கழன்று வரும். பிடியை எட்ட முழங்கையை முழுக்க நீட்ட வேண்டியிருந்தால் நீளம் குறைந்த ஸ்டெம் தேவை. சீட்டை முன்னால் தள்ளி இதைச் சரிக்கட்டாதீர்கள். கழுத்து தப்பிக்கும், முழங்கால் மாட்டிக்கொள்ளும்.

5. ஓட்டும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். விறைப்பாக வைத்தால் ஒவ்வொரு பள்ளமும் நேராகத் தோளுக்கு ஏறும். தோள் காதை நோக்கி உயர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது கவனித்து இறக்கிவிடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள்.

6. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்சக் காற்றளவு. அவ்வளவு அடித்தே தீர வேண்டும் என்றில்லை. சற்றுக் குறைத்தால் அதிர்வு குறையும். ரொம்பவும் குறைத்தால் பஞ்சர்.

7. லேப்டாப் பையை முதுகிலிருந்து இறக்கிக் கேரியரில் கட்டுங்கள். ஹெல்மெட் நெற்றியை மறைத்தாலோ, கண்ணாடி மூக்கில் வழிந்தாலோ, சாலையைப் பார்க்கவே தலை இன்னும் அண்ணாக்கும்.

8. மூன்று பயிற்சிகள் போதும். முதலாவது, நேராகப் பார்த்தபடி முகவாயைப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. தலை மேலும் போகக்கூடாது, கீழும் போகக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். இரண்டாவது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றை ஒன்று நோக்கி இறுக்கி விடுவது. மூன்றாவது, வாசற்காலில் இரு முன்கைகளையும் ஊன்றி மெல்ல முன்னால் சாய்ந்து நெஞ்சுத் தசையை நீட்டுவது. ஒவ்வொன்றும் பத்துமுறை. வலி சுரீர் என்றால் நிறுத்திவிடுங்கள்.

9. பிடித்துக்கொண்ட கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் சுகம் தரும். படுக்கையில் முழு ஓய்வு வேண்டாம். இரண்டொரு வாரம் தூரத்தைக் குறைத்து, நிமிர்ந்து ஓட்டுங்கள். சலூனில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு.

10. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போனால் உள்ளங்கை நரம்பு அழுந்தியிருக்கலாம். கையுறையும் பிடி மாற்றமும் உதவும். அதையும் மீறி மரப்பு நீடித்தாலோ, கையில் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, விழுந்து எழுந்தபின் கழுத்து வலித்தாலோ டாக்டரைப் பாருங்கள். தோள்வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் கழுத்தைப் பற்றி யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.